மெட்டி போட்டு எழுந்த இடம்

முரளி,

உடம்பு எப்படி, சாப்பிட்டாயா என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை. அதையெல்லாம் நேற்றுச் சாயந்திரம் போனிலேயே கேட்டாயிற்று. உன் கல்யாண வீடியோவைப் பற்றி நீ கடைசியாக ஒன்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். "அம்மா, மெட்டி போட்டுட்டு நான் எய்ந்துக்கினு வர்ற எடத்த வெட்டிடட்டுமா? மொத்த மண்டபமும் சிரிக்குதும்மா. சவுண்டு நல்லாவே கேக்குது" என்றாய். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நீ மூன்றாம் வகுப்பில் பேனா தொலைத்துவிட்டு வந்து சொன்னபோதும் இதே சாதாரணக் குரல்தான். பெற்றவளிடம் அதெல்லாம் செல்லாது. போனில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நீ பாதியில் "சரிம்மா சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாதே. படித்து முடித்த பிறகு, உன்னைப் போன்ற பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் இருக்கிற அந்த வாட்சப் குழுவில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அங்கே இருக்கிற அம்மாக்களுக்கும் சிரிக்க ஏதாவது வேண்டும்.

திருப்பதியில் அந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ஊரார் கல்யாணத்தையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவன் நீ. மாப்பிள்ளை கொட்டாவி விடுவதை வெட்டுவாய், பெண்ணின் சித்தி மூக்கைத் துடைப்பதை வெட்டுவாய், பந்தியில் யாராவது சண்டை போட்டால் அதற்கு மேல் நாதஸ்வரத்தை ஏற்றிவிடுவாய். எது அழகு, எது அசிங்கம் என்று உன் கண்ணுக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்கை இப்போது உன் மேலேயே போட்டுப் பார்க்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். பொறுத்துக்கொள். ப்ளவுஸ் தைக்கிறவள் நேராக வெட்டுவாள், பேசும்போது மட்டும் நேராகப் பேசமாட்டாள் என்று உன் நைனா சொல்வது பொய்யில்லை.

சின்ன வயதில் உன் கெண்டைக்காலைப் பார்த்து நம் நகரி ஊரே கண்ணு போட்டது. அப்படித் திரண்டு இருக்கும். "பையன் கபடிக்குப் போனா டிஸ்ட்ரிக்ட் ஆடுவான்" என்று எதிர்வீட்டு மேஸ்திரி சொன்னதைக் கேட்டு, நான் அன்றைக்கே உனக்கு மிளகாய் சுற்றிப் போட்டேன். நீ ஓடும்போது மட்டும் கடைசியில் வருவாய். படி ஏறும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி ஏறுவாய். உன் நைனா கண்டக்டராகப் போகிற பஸ்ஸில் நீ ஏறுவதற்குள் டிரைவர் ஒரு பீடா மடித்து வாயில் போட்டுக்கொள்வார். சோம்பேறித்தனம் என்று நினைத்தோம். அப்புறம் அடிக்கடி விழ ஆரம்பித்தாய். விழுந்தால் நம் பக்கத்து ஆட்கள் எங்கே போவார்கள்? புத்தூருக்குத்தான். அங்கே எண்ணெய்க் கட்டுப் போட்டால் எலும்பு கூடிவிடும் என்று கர்நாடகத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள், பக்கத்தூர்க்காரர்கள் நாம் போகாமல் இருப்போமா. அவர்கள் உன் காலைத் தடவிப் பார்த்துவிட்டு எலும்பில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். நான்தான், வந்தது வந்தோம் ஒரு கட்டாவது போட்டு அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். கட்டு இல்லாமல் திரும்பி வந்ததில் எனக்கு அத்தனை வருத்தம்.

அதற்குப் பிறகு ஒரு காய்ச்சலுக்காக ரத்தம் கொடுத்தோம். அந்தக் காகிதத்தில் கல்லீரல் எண்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. கல்லீரல் என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு மஞ்சள் காமாலை என்று முடிவாகிவிட்டது. யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, உப்பில்லை, எண்ணெயில்லை, காரமில்லை என்று பத்தியம் போட்டு உன்னை உட்கார வைத்தேன். உன் கண்ணில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. நீயோ தட்டைப் பார்த்து, "அம்மா, ஒரே ஒரு துண்டு கறி துன்னுட்டு அப்புறம் சாவறேன்" என்று அழுதாய். உன் நைனா டூட்டி முடிந்து வரும்போது சட்டைப் பையில் காரச்சேவுப் பொட்டலம் ஒளித்து எடுத்து வந்து உனக்குக் கொடுத்த சங்கதி எனக்கு அன்றைக்கே தெரியும். யூனிஃபார்ம் துவைக்கிறவள் நான்தானே. தெரியாத மாதிரி இருந்துவிட்டேன், ஏனென்றால் எனக்கும் அந்தப் பத்தியத்தைச் சமைத்துச் சமைத்து அலுத்துப்போயிருந்தது.

அப்புறம்தான் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மாவை உனக்கு நினைவிருக்கும். உன்னைத் தரையில் உட்காரச் சொல்லி, எழுந்திரு கண்ணா என்றார். நீ குப்புறத் திரும்பி, கையையும் காலையும் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, உன் உடம்பின் மேலேயே கை வைத்து ஏறி எழுந்தாய். எனக்கு அது உன் வழக்கம், அவ்வளவுதான். ஆனால் டாக்டரம்மா அதைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். இன்னொரு ரத்தப் பரிசோதனை, அப்புறம் மரபணுப் பரிசோதனை. கல்லீரலுக்கு ஒன்றுமே இல்லையாம். கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் கசிகிற அதே பொருள் தசை கெட்டாலும் கசியுமாம். நான் கீழாநெல்லி அரைத்த கதையைச் சொன்னபோது அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். "தப்பில்லம்மா, கசப்புதான் பாவம் பையனுக்கு" என்றார். அந்தச் சிரிப்பால்தான் அன்றைக்கு அந்த அறையில் எங்களால் உட்கார முடிந்தது.

டிஸ்ட்ரோபின். அன்றைக்குத்தான் அந்தப் பேரை முதன்முதலில் கேட்டேன். வாயில் நுழையாத பேர். தசை என்பது நார் நாராக இருக்குமாம். ஒவ்வொரு நாருக்குள்ளும் இழுத்துச் சுருங்குகிற சரடுகள். வெளியே மெல்லிய உறை. உள்ளே இருக்கிற சரடையும் வெளியே இருக்கிற உறையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிற நீளமான புரதம்தான் இந்த டிஸ்ட்ரோபின் என்றார். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தசை இழுக்கும்போதும் உறை கொஞ்சம் கிழியும், உடம்பு ஒட்டும், மறுபடி கிழியும். ஒட்டி ஒட்டி அலுத்துப்போய், ஒருநாள் தசை இருந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துவிடும். நாம் மிளகாய் சுற்றிப்போட்ட கெண்டைக்கால் அப்படித் திரண்டதுதான். டாக்டரம்மா சொல்லச் சொல்ல எனக்கு ப்ளவுஸ்தான் ஞாபகத்துக்கு வந்தது. மேல்துணியையும் லைனிங்கையும் சேர்த்து ஒரு ஓட்டுத்தையல் போடாமல் விட்டால், போட்டுக்கொண்டு கையைத் தூக்கின உடனே லைனிங் ஒரு பக்கம் போகும், துணி ஒரு பக்கம் போகும், அக்குளில் டர்ரென்று கிழியும். கேட்டேன். "அதேதாம்மா" என்றார்.

"அப்போ எம் புள்ளைக்கு அந்தத் தையலே இல்லையா?" என்று கேட்டேன். அதைக் கேட்கும்போது என் கை உன் நைனாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. சில பிள்ளைகளுக்கு அப்படி அறவே இல்லாமல் போய்விடுமாம். அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே நடை நின்றுவிடும் என்றார். உனக்கு அப்படி இல்லை. அந்தப் புரதத்தை எழுதி வைத்திருக்கிற மரபணு எழுபத்தொன்பது துண்டுகளாம், அதில் நடுவிலே சில துண்டுகள் உனக்கு விட்டுப்போயிருக்கின்றன. ஆனால் முதலும் கடைசியும் சரியாகச் சேர்ந்துவிட்டன. அதனால் உன் உடம்பு அந்தத் தையல் நூலைக் கொஞ்சம் குட்டையாகச் செய்கிறது. குட்டையாக இருந்தாலும் இந்த முனை இங்கே பிடித்திருக்கிறது, அந்த முனை அங்கே பிடித்திருக்கிறது. பெக்கர் வகை என்று அதற்குப் பேர். மெதுவாகத் தேயும், இதயத்தை வருடா வருடம் பார்க்க வேண்டும், ஓட்டப்பந்தயம் வேண்டாம், ஆனால் படிப்பான், வேலைக்குப் போவான், கல்யாணம் பண்ணுவான் என்றார். முதலில் சொன்னதெல்லாம் என் காதில் விழவே இல்லை. கடைசியில் சொன்ன மூன்றையும் மட்டும் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து நடந்தது, உனக்குச் சொன்னதில்லை. உன் நைனா என் அத்தை மகன். சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு இப்படித்தான் என்று ஊரில் ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, அந்த மனிதர் உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தார். என்னைக் கட்டிக்கொள்வேன் என்று அடம்பிடித்தவர் அவர்தானே. டாக்டரம்மாவிடம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதைச் சொன்னார். அந்தம்மாவோ, இந்த வியாதிக்கும் சொந்தத்தில் கட்டுவதற்கும் சம்பந்தமே இல்லை, இது அம்மாவிடமிருந்து வருகிற எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பெண்களுக்கு அது இரண்டு இருப்பதால் நல்லது ஒன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆண்பிள்ளைக்கு ஒன்றே ஒன்றுதான் என்றார். பரிசோதனையில் நான்தான் அந்தக் குறையைச் சுமக்கிறவள் என்று வந்தது. உன் நைனாவின் முகம் ஒரு நிமிடம் பளிச்சென்று மலர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த நிமிடம் என்னைப் பார்த்ததும் அந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திண்டாடினார். வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். நான் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "ஏமே, உங்கம்மா சீர் குடுத்து அனுப்பும்போதே இதையும் பெட்டியில வெச்சு அனுப்பிச்சாளா? குத்துவிளக்கு குடுத்தாங்க, அண்டா குடுத்தாங்க, இத்த மட்டும் எங்கிட்ட யாரும் காட்டவே இல்லியே" என்றார். அழுதுகொண்டிருந்தவள் அப்படியே சிரித்துவிட்டேன். டீ மூக்கில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் யார் தலையிலும் போட்டதில்லை. நானும் இப்போது உன்னோடு சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை இதயத்தை ஸ்கேன் பண்ணிக்கொள்கிறேன். சுமக்கிறவர்களுக்கும் அது நல்லதாம். நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன், அடுத்த தடவையும் உன்னை இழுத்துக்கொண்டுதான் போவேன்.

உன் பெண்டாட்டி லாவண்யா கதைக்கு வருகிறேன். அவள் உன் ஸ்டுடியோவுக்குச் சண்டை போட வந்தவள் என்று நீ சொன்ன அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது. தெலுங்கு வீட்டுப் பெண். பங்காருபாளையத்தில் அவள் அக்கா கல்யாணத்தில் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள் கால் இடறி, மாம்பழம் முழுக்க மண்டபத்தில் உருட்டிவிட்டாள். நீ அதை அழகாக வெட்டி எடுத்துவிட்டாய். அவள் வந்து, "என் மாமிடிபண்டு எங்க? மூணு மணி நேர வீடியோவில சிரிக்கிறதுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் தூக்கிட்டீங்களே!" என்று கேட்டாளாம். உட்கார்ந்து, வெட்டியதையெல்லாம் தேடி எடுத்து ஒட்ட வைத்துவிட்டுத்தான் போனாள். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு, என்னிடம் வந்து வெட்டட்டுமா என்று கேட்கிறாயே, உனக்கே சிரிப்பு வரவில்லையா? அவளிடம் கேட்டிருப்பாய், அவள் கத்தியிருப்பாள், அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறாய். எனக்குத் தெரியாதா.

நம் வீட்டுக்கு அவள் முதல்முறை வந்தபோது எனக்குத்தான் படபடப்பு. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவளை உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவள் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தாள். உன்னோடு போய் டாக்டரிடமே பேசியிருக்கிறாள். "அத்தம்மா, பையன் பொறந்தா அவனுக்கு வராது. அவனுக்கு நான்தான எக்ஸ் குடுக்கணும். பொண்ணு பொறந்தா அவ சுமப்பா. அப்போ உங்க மாதிரி இருப்பா. இருக்கட்டுமே, இந்த வீட்டுக்கு இன்னொரு வாய் வேணுமில்ல?" என்றாள். உன் நைனா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர், "ஒரு வாயே தாங்கல" என்றார். அன்றைக்கு நான் போட்ட காபியில் சர்க்கரை போட மறந்துபோனேன். மூன்று பேரும் முகம் சுளிக்காமல் குடித்தீர்கள்.

சரி, கல்யாணம். தாலி கட்டுவதைப் பற்றி உனக்குக் கவலையே இல்லை. உன் கவலையெல்லாம் அம்மி மிதிப்பதில்தான். லாவண்யா வீட்டில் சன்னிக்கல்லு என்கிறார்கள், நாம் அம்மி என்கிறோம். எப்படிச் சொன்னாலும் மாப்பிள்ளை குனிந்து உட்கார்ந்து, பெண்ணின் காலைப் பிடித்துக் கல்லின் மேல் வைத்து மெட்டி போட வேண்டும். போட்டுவிட்டு எழ வேண்டும். "அம்மா, மத்தவங்க கல்யாணத்துல இந்த ஷாட்டத்தான் எல்லாரும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாப்பாங்க. நான் நாலு கால்ல எய்ந்துக்கினு வர்றத ஊரே பாக்கணுமா?" என்று கேட்டாய். அதற்காகத்தான் உன் நைனா மேஸ்திரியிடம் சொல்லி இரண்டு படி வைத்த பலகை மேடை ஒன்று செய்து வந்தார். மேடை மேல் அம்மி, அம்மி மேல் பெண்ணின் கால், நீ நின்றபடியே மெட்டி போட்டுவிடலாம். ஒத்திகை பார்க்கப் பெண் வேண்டுமே? உன் நைனாவே லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடை மேல் ஏறி, அம்மியில் ஒரு காலை வைத்து, தலையைக் குனிந்து நின்றார். நீ அவர் விரலில் தையல் மிஷின் வாஷர் ஒன்றைப் போட்டாய். "கூச்சமா கீது டா, மெதுவா புடி" என்று அவர் நெளிந்த நெளிப்பில், அளவு கொடுக்க வந்திருந்த பெண்கள் இரண்டு பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நம் வீட்டில் அப்படி ஒரு மத்தியானம் வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

சித்தூர் மண்டபத்தில் அந்த மேடையைக் கொண்டு வந்து வைத்தபோது லாவண்யா ஒரு பார்வை பார்த்தாளே. "இதுமேல ஏறி நின்னா, வினாயக சவிதிக்கு லாரில ஏத்துற பொம்மை மாதிரி இருப்பேன். வத்து மாமையா, எடுத்துடுங்க" என்றாள் உன் நைனாவிடம். பிறகு உன் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னாள்: "நீங்க கீழ உக்காருங்க. எந்திரிக்க எவ்ளோ நேரம் ஆவுதோ ஆவட்டும். நான் நிக்கிறேன்." புரோகிதர், தாலி ஏறியாயிற்று, இனி அவசரமில்லை என்று தாம்பூலத்தைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் விளக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் பின்னால் நின்றேன். உன் கல்யாணம், நீ முடிவு பண்ணு என்று விட்டுவிட்டேன். நீ உட்கார்ந்தாய்.

மெட்டியை அழகாகப் போட்டாய். அப்புறம் எழ ஆரம்பித்தாய். பட்டு வேட்டியோடு திரும்பி, கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, முழங்காலைப் பிடித்து. அந்த நேரத்தில் உன் தலை குனிந்திருந்தது. காமிரா உன்னை மட்டும் நெருக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தது. லாவண்யா உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எழுந்தது அந்தச் சிரிப்பு. மண்டபம் முழுக்க, பின் வரிசை வரைக்கும். நீ நிமிர்ந்தபோது உன் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன். உன்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று நீ நினைத்துக்கொண்டாய். இத்தனை நாள் அதை மனசில் வைத்துக்கொண்டு, மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். எனக்கு அது தாங்கவில்லை முரளி. உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று உன் நைனா என்னிடம் கையடித்து வாங்கியிருந்த சத்தியத்தை இப்போது மீறப் போகிறேன்.

உனக்குப் பின்னால், இடது பக்கத் தூண் ஓரம் உன் நைனா நின்றிருந்தார். நீ தரையில் கையை ஊன்றியபோது அவர் குனிந்தார். நீ முழங்காலைப் பிடித்தபோது அவரும் தன் முழங்காலைப் பிடித்தார். நீ ஒரு கையைத் தொடைக்கு ஏற்றினால் அவரும் ஏற்றுகிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, முக்கி முக்கி, உன்னோடு கூடவே எழுகிறார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவள் தன் வாயைத் திறந்துகொள்வாளே, அப்படி. அவருக்குத் தெரியவே இல்லை. பாதி எழும்போது அந்த ஒட்டிக்கோ வேட்டியின் ஒட்டு பர்ரென்று விட்டுப்போய், வேட்டி கணுக்காலுக்கு வந்துவிட்டது. நல்லவேளை உள்ளே காக்கி அரைக்கால் சட்டை. ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், அந்த வேட்டிக்கு நான் போட்ட தையல் போகவில்லை, கடையில் வாங்கிய ஒட்டுதான் போனது. வேட்டி விழுந்ததுகூடத் தெரியாமல் மனிதர் தொடையில் கை வைத்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டே இருக்கிறார்! நீ நேராக நின்ற பிறகுதான் அவரும் நேராக நின்றார். அதற்குப் பிறகுதான் காற்று பட்டிருக்கும் போலிருக்கிறது, கீழே பார்த்தார். மண்டபம் சிரித்தது அதற்கு, அவர் என்னிடம் சத்தியம் வாங்கியதும் அந்த வேட்டிக்குத்தான். அந்தச் சிரிப்பில் என் சிரிப்பும் இருக்கிறது, நன்றாகக் காதைக் கொடுத்துக் கேள். தட்டிலிருந்த விளக்கே அணையப் பார்த்தது.

இன்று காலையில் லாவண்யாவின் தங்கை தன் போனில் பிடித்ததை எனக்கு அனுப்பியிருந்தாள். அந்தப் பெண் நின்ற இடத்திலிருந்து உன் நைனா மட்டும்தான் தெரிகிறார். நீ தெரியவில்லை, உன் தலைப்பாகையின் நுனி மட்டும் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை நிறுத்திக் காட்டினேன். முதலில் அடியோடு மறுத்தார். "நான் எங்கமே குனிஞ்சேன்? சும்மா நின்னுக்கினுதான இருந்தேன்" என்றார். அப்புறம் போனை வாங்கி, டிக்கெட் பையைத் தோளில் மாட்டியபடியே, மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். ஒட்டு விட்டுப்போகிற இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புள்ள எய்ந்துட்டானா, எய்ந்துட்டானான்னுதான் பாத்துக்கினு இருந்தேன். நானும் எய்ந்துக்கினு இருந்தது எனக்குத் தெரியாதுமே" என்றார். பஸ் நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அந்தத் துண்டை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். உன்னுடையதை வெட்டாதே. இதைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வை. நீ கையை ஊன்றுகிற நேரத்துக்கு அவர் குனிகிற மாதிரி பார்த்துச் சேர். உனக்குத் தெரியாத வேலையா. மண்டபம் வேட்டியைத்தான் பார்த்தது; அப்பனும் பிள்ளையும் ஒன்றாக எழுந்து நிற்பதை நான் ஒருத்திதான் இதுவரை பார்த்திருக்கிறேன், நீயும் பார்.

உன் அம்மா